ஏஎம்டி கார்: முந்தும்போது தொலையும் அந்த ஒரு நொடி

நண்பன் சின்ன கார் எடுக்கப் போகிறான். "மச்சான், மேனுவல் வேகமா, ஆட்டோமேட்டிக் வேகமா? நீதான் ரெண்டும் ஓட்டியிருக்கியே" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். என்னுடையது பெட்ரோல் ஏஎம்டி ஹேட்ச்பேக், அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றிக்கொள்ளும் வகை. சமீபத்தில்தான் கிளட்ச் மாற்றி வந்திருக்கிறது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

முதலில் ஒன்று. ஆட்டோமேட்டிக் என்று மொத்தமாகச் சொன்னால் பதில் கிடைக்காது. 2021இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஸ்போர்ட்ஸ் காரில், தானாக மாறும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் (பிடிகே என்பார்கள்) போட்டால் 100 கி.மீ. வேகம் 3.4 நொடியில் வந்துவிடும், மேனுவலில் 3.9 நொடி. அடுத்த கியர் முன்கூட்டியே பூட்டித் தயாராக நிற்பதால் மாற்றும்போது இழுவை அறுவதில்லை. ஆனால் அதே காரின் உச்ச வேகம் மேனுவலில் 320, பிடிகேவில் 318. கிளம்புவதில் ஆட்டோ ஜெயிக்கிறது, உச்சத்தில் மேனுவல் ஒரு நூல் முந்துகிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. 1989இல் ஃபெராரி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுத்து கியர் மாற்றும் பேடில் வைத்த கியர்பாக்ஸோடு இறங்கிய முதல் பந்தயத்திலேயே, பிரேசிலில், நைஜல் மான்செல் ஜெயித்தார்.

சரி, நம் பட்ஜெட்டுக்கு வருவோம். இங்கே ஆட்டோ என்றால் பெரும்பாலும் ஏஎம்டிதான். 2014இல் மாருதியின் செலேரியோவில் வந்த பிறகுதான் சாதாரணக் குடும்பத்துக்கு ஆட்டோ கார் எட்டியது. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே ஒற்றை கிளட்ச். நம் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையை ஆக்சுவேட்டர் என்கிற ஒரு இயக்கி செய்கிறது. கிளட்சை விடுவித்து, கியரை மாற்றி, மறுபடி பிடிக்கும்வரை சக்கரத்துக்கு இழுவை போகாது. என் முழுப் புகாரும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போகிற சாலையைக் கரும்பு வெட்டும் காலத்தில் பார்த்தவர்களுக்குப் புரியும். முன்னால் டிராக்டர், அதன் டிரெய்லரில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு, பின்விளக்கு இருந்தால் அதிர்ஷ்டம். நாற்பதில் ஊர்ந்துகொண்டே இருப்போம். எதிரே கொஞ்சம் இடம் கிடைக்கும். இண்டிகேட்டர் போட்டு, வலது பக்கம் ஏறி, காலை அழுத்துவோம். வண்டி தேங்கும். மீட்டரில் கியர் 4 என்று இருந்தது 3 ஆகும், அதற்குள் எல்லார் தலையும் ஒருமுறை முன்னால் ஆடும், அப்புறம்தான் விருட்டென்று பாயும். "என்னங்க ஆச்சு?" என்று மனைவி கதவுக் கைப்பிடியைப் பிடித்த நாட்கள் உண்டு. ஒரு நொடிதானே என்று ஷோரூமில் சொல்வார்கள். நாற்பதில் போகிற நாம் ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறோம். எதிரே அறுபதில் வருகிற பஸ் 17 மீட்டர் வருகிறது. ஆக, நடுவில் இருந்த இடத்தில் 28 மீட்டர் போச்சு.

என் சித்தப்பா மகனிடம் இதே கார், இதே இன்ஜின், மேனுவல். அவன் எப்படி முந்துகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். எதிர்ப்பக்கம் காலியாவதற்கு முன்பே மூன்றாவது கியரில் போட்டுத் தயாராக இருப்பான். இடம் கிடைத்ததும் காலை வைப்பதுதான் பாக்கி. கியர் மாற்றுகிற நேரம் அவனுக்கும் செலவாகிறது, ஆனால் டிராக்டருக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும்போதே செலவாகிறது. ஏஎம்டிக்கு நம் கால் தெரியும், சாலை தெரியாது. இந்த வகைக் கார்களில் மேனுவல் வேகம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வெளியே ஏறுவதற்கு முன்பே லீவரை மேனுவல் பக்கம் தள்ளி ஒரு கியர் குறைத்துக்கொண்டால் தேக்கம் பெரும்பாலும் போய்விடும். இப்போது நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். ஆனால் இதற்கா கூடுதல் காசு கொடுத்தேன் என்று ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

கிளட்ச் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோவுக்கு ஏது கிளட்ச் என்று நினைப்பவர்கள் நிறைய. ஏஎம்டியில் இருக்கிறது, தேயும். கடலூர் கேப்பர் மலை ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திப் பிடித்தால் சீக்கிரமே தேயும். மாற்றிக் கொடுத்த சர்வீஸ் சென்டர், ஸ்கேனர் போட்டுப் புது கிளட்சைக் கணினிக்குப் பழக்காமலே சாவியை நீட்டிவிட்டது. முதல் கியரிலேயே உதறல். கேட்டால், "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்றார்கள். ஆகவில்லை. வேறொரு மெக்கானிக் அந்தப் பழக்கும் வேலையை (கேலிப்ரேஷன்) செய்ததும் அன்றைக்கே நின்றது. அவசியம் செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டு முழு பில் போடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இவ்வளவு திட்டினாலும் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சாயங்காலம் அரியாங்குப்பம் தாண்டி, முருங்கப்பாக்கம், மரப்பாலம் சிக்னல் என்று பாண்டிக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே எந்தக் காரும் வேகம் இல்லை. இடது கால் சும்மா கிடப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அங்கேதான் தெரியும். மேனுவலில் பாலத்து ஏற்றத்தில் நின்று எடுக்கப் பயந்து, ஓட்டுவதையே விட்டிருந்த என் மனைவி, இப்போது தனியாகப் பாண்டி போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, வரும்போது புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் கன்னியக்கோயிலில் விலை குறைவாகப் பெட்ரோலும் போட்டுக்கொண்டு வருகிறாள். அதற்காகவே இந்த வண்டியை விற்க மாட்டேன்.

ஆனால் நண்பா, நீ வாராவாரம் பண்ருட்டி போகிறவன். நீ மேனுவல் எடு. இல்லை, ஆட்டோதான் வேண்டும் என்றால், டெஸ்ட் டிரைவைக் கடலூர் ஊருக்குள் மஞ்சக்குப்பத்தைச் சுற்றி முடித்துவிடாதே. வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, நெல்லிக்குப்பம் சாலையில் நாற்பதில் போய், எதிரே எதுவும் வராதபோது காலை முழுதாக அழுத்திப் பார். பக்கத்தில் உட்காரும் விற்பனையாளர் என்ன சொன்னாலும் அதற்கப்புறம்தான் முன்பணம் கொடு.