ரங்கூனில் ரிமோட் பக்கி வாங்கப் போனேன்

ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார் அது, பெட்டியின் மேல் 4×4 என்று கை அகலத்துக்கு அச்சடித்திருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் என்று கடைக்காரரும் சொன்னார். 48,000 சாட் (பர்மியப் பணம்) எண்ணிக் கொடுத்து, ஆற்றுப் பாலம் தாண்டி அண்ணன் குடும்பம் இருக்கும் சிரியம் ஊருக்குக் கொண்டுபோய் அண்ணன் மகன் கையில் கொடுத்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பின் சக்கரம் மண்ணைத் தோண்டுகிறது, முன் சக்கரம் இரண்டும் அசையவே இல்லை. கையில் தூக்கி விரலால் சுற்றிப் பார்த்தேன். தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி தானாகச் சுற்றுகின்றன, மோட்டாருக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பையன் என்னைத் திட்டவில்லை. "பரவால்ல சித்தப்பா, சிமெண்டுத் தரையில ஓட்டிக்கிறேன்" என்றான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

2020 ஜனவரியில் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். பொங்கல், பீலிக்கான் முனீஸ்வரர் கோயில், ரங்கூன் காளி கோயில், பெரியம்மா வீட்டு விருந்து எல்லாம் குறையில்லாமல் நடந்தன. இங்கே எழுதப் போவது இந்த வண்டியைப் பற்றி மட்டும்தான், ஏனென்றால் மூன்று வாரத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தை அது தின்றுவிட்டது.

நான் இருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்தே கொண்டுவந்திருக்கலாமே என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்வி. பெர்த்தில் என்னிடம் தமியா டிடி-02பி என்ற ரிமோட் வண்டி ஒன்று இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு அளவு, நடுவில் ஒரு தண்டு ஓடி முன்னுக்கும் பின்னுக்கும் விசையைக் கொண்டுபோகும் உண்மையான ஃபோர் வீல் டிரைவ். பெட்டியில் துண்டு துண்டாகத்தான் வரும், நாமே உட்கார்ந்து பூட்ட வேண்டும். ரிமோட், பேட்டரி, சார்ஜர் எதுவும் அதில் இருக்காது, தனித்தனியாக வாங்க வேண்டும். பெட்டி விலையைப் பார்த்துவிட்டுப் போனவன் கடையை விட்டு வெளியே வரும்போது ஏறக்குறைய இரட்டிப்புக் கொடுத்திருப்பான். பதினொரு வயதுப் பையனுக்கு அது அதிகம். விமானத்தில் கொண்டுபோகும் இருபத்து மூன்று கிலோவில் பாதி மருந்தும் பால்மாவும் என்று ஆன பிறகு அந்தப் பெட்டிக்குப் பயணப் பெட்டியில் இடமும் இல்லை. ரங்கூனில் கிடைக்காத சாமானா, சூரத்தி பஜார் பக்கம் போனால் ஆகிவிடும் என்று நம்பித்தான் வந்தேன். நாம் சின்ன வயதில் பம்பரம், பட்டம், தீபாவளிப் பட்டாசு எல்லாம் அங்கேதானே வாங்கினோம்.

வண்டியைக் கொடுத்த மறுநாள் காலை மொய்ங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்ட கையோடு வண்டியைப் பெட்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுபோனேன். டாக்சிக்கு 8,000 சாட். பாலத்தில் ஒரு மணி நேரம். 1993-ல் பாலம் திறப்பதற்கு முன்னால் அப்பா படகில் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போய் வந்ததை நினைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். கடையில் அதே ஆள். பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது, எடுத்துக்கொள்ள முடியாது என்றார். பெட்டியைத் திறக்காமல் வண்டி ஓடுமா என்று பர்மியத்தில் கேட்டேன். விளையாட்டுச் சாமானுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார். 4×4 என்று போட்டிருக்கிறதே என்றேன். நாலு சக்கரம் இருக்கிறதே என்று அவர் கையால் எண்ணிக் காட்டினார்.

பெர்த்தில் ஒரு தடவை இதே மாதிரி சரியில்லாத சார்ஜரை எடுத்துப் போனேன். கல்லாவில் இருந்த பெண் ரசீதைப் பார்த்தாள், காரணம்கூடக் கேட்கவில்லை, இரண்டு நிமிடத்தில் பணம் கார்டுக்குத் திரும்பியது. பதினான்கு வருடம் அப்படிப் பழகிப்போன மனசுக்கு நடைபாதையில் அந்தப் பெட்டியோடு நின்றபோது அழுகை வராத குறை. பணம் பெரிதில்லை, அப்போது ஆயிரம் சாட்டுக்கு ஒரு ஆஸ்திரேலிய டாலர். நம்மூரில் நம்மை ஏமாற்றுகிறார்களே என்ற வலிதான்.

சூடு ஆறட்டும் என்று லபே யே கடையில், அதாவது டீக்கடையில், உட்கார்ந்தேன். பக்கத்து முக்காலியில் இருந்த பெரியவர் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார், "கெட்டுப் போச்சா தம்பி? நம்ம பாய்கிட்ட காட்டுங்க." சோலியா பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு குண்டு பல்பு, சாலிடரிங் இரும்பு, பழைய ரேடியோ ஓடுகள். அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரிப்பேர்க் கடைகளைப் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை, அதே ரோசின் வாசனை. பாய்க்கு எழுபது இருக்கும், தாத்தா காலத்தில் காரைக்கால் பக்கமிருந்து வந்த குடும்பம்.

பெட்டியில் எழுதியிருப்பதை அவர் படிக்கவே இல்லை. வண்டியைக் கவிழ்த்துப் போட்டு ஆறு திருகைக் கழற்றினார்.

"இங்க பாருங்க. ரிசீவர், மோட்டார் கண்ட்ரோல், ஸ்டீரிங் எல்லாம் ஒரே போர்டு. ஒண்ணு போனா எல்லாமே போச்சு. ஸ்டீரிங் பாருங்க, இது சர்வோவே இல்ல, சர்வோன்னா நாம சொல்ற கோணத்துல நிக்கும். ஒரு குட்டி மோட்டாரு, ஒரு பல்சக்கரம், அவ்வளவுதான். முழுசா இடது, முழுசா வலது. நடுவுல நிக்காது."

அது எனக்குத் தோன்றவே இல்லை. வண்டி ஏன் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளித் துள்ளித் திரும்பியது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஃபோர் வீல் டிரைவா இல்லையா என்று கடையிலேயே, பேட்டரி போடாமலே பார்க்கும் வழியையும் சொன்னார். வண்டியைத் தூக்கிப் பிடித்து முன் சக்கரம் ஒன்றை விரலால் சுற்ற வேண்டும். டிஃபரன்ஷியல், அதாவது இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு, உள்ளே இருந்தால் எதிர்ப்பக்கத்துச் சக்கரம் தலைகீழாகச் சுற்றும். பிறகு முன் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடித்து முன்னோக்கிச் சுற்ற வேண்டும். நடுத்தண்டு இருந்தால் பின் சக்கரங்களும் கூடவே நகரும், மோட்டார் பல்லின் இறுக்கமும் விரலில் தெரியும். இரண்டும் நடக்கவில்லை என்றால் அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் முன் சக்கரம் வெறும் சக்கரம்தான். பெர்த்தில் இரண்டு வருடமாக இந்த வண்டிகளை வைத்திருக்கிறேன், ஒரு கடைக்காரரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. அங்கே வண்டி கெட்டால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. புதியது தருவார்கள், பழையது குப்பைக்குப் போகும். பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் ஏன் கெட்டது என்று சொல்ல ஆள் கிடையாது. பாய் அரை மணி நேரம் சொன்னார், அதற்குக் காசு வாங்கவில்லை.

அதிர்வைத் தாங்கும் சுருள்வில் வைத்த ஷாக்கை அழுத்தி விட்டார், அது டக்கென்று எகிறி வந்தது. உள்ளே எண்ணெய் இல்லை. எண்ணெய் இருக்கும் ஷாக் மெதுவாகத்தான் திரும்பும், குதித்து இறங்கும் வண்டி உருளாமல் நிற்பது அதனால்தான். சக்கர அச்சு நேராக பிளாஸ்டிக்கில் உரசிக்கொண்டிருந்தது. நம்ம ஊர்ச் செம்மண் தூள் உள்ளே போனால் உப்புத்தாள் மாதிரி அறுத்துவிடும். பால் பேரிங் இருக்கிற வண்டியாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் போடுகிற அளவில் துளையாவது இருக்க வேண்டும். இதில் எனக்கும் அனுபவம் உண்டு. என் டிடி-02பியில் முதலில் பிளாஸ்டிக் புஷ், அதாவது வெறும் வளையம்தான் வந்தது, 1150 என்கிற பேரிங்கை, அதாவது வெளிவட்டம் 11, உள்வட்டம் 5 மில்லிமீட்டர், வாங்கி மாற்றிய பிறகுதான் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. இதைச் சொன்னதும் பாய் முகம் மலர்ந்தது, "அப்ப நீங்க நம்ம ஆளுதான்" என்று எனக்கும் ஒரு டீ சொன்னார்.

அவருக்குத் தெரிந்த பையன் ஒருவன் இந்த வண்டிகளை வாங்கிச் சரி செய்து விற்கிறானாம். மறுநாள் வரச் சொன்னார். மறுபடி பாலம், மறுபடி 8,000. இந்த முறை அண்ணன் மகனையும் கூட்டிப் போனேன், அவன்தானே ஓட்டப் போகிறான்.

விற்கிற பையன் கொண்டுவந்தது டபிள்யூஎல் டாய்ஸ் ஏ959. பதினெட்டில் ஒரு பங்கு அளவு, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி. 95,000 கேட்டான், 85,000-க்கு முடிந்தது. அண்ணன் மகன்தான் முதலில் முன் சக்கரத்தை விரலால் சுற்றினான். எதிர்ச் சக்கரம் தலைகீழாகச் சுற்றியது. பாய் சிரித்தார்.

இதைவிட வேகமான, பெரிய மோட்டார் வைத்த ஏ959-பி என்ற தம்பியும் உண்டு, பையன் அதையும் காட்டினான். வேண்டாம் என்றேன். மணிக்கு 70 கிலோமீட்டர் என்று அதன் பெட்டி சொல்கிறது. அவ்வளவு வேகத்தில் ஒரு கல்லில் மோதினால் உடைவது பிளாஸ்டிக் மட்டும் இல்லை, அந்தப் பக்கம் கோழி, பூனை, சின்னக் குழந்தைகள் எல்லாம் நடமாடுகிற இடம். முதல் வண்டி மெதுவானதாகவே இருக்கட்டும். மெதுவான வண்டியில் பல்சக்கரமும் அதிக நாள் வரும்.

சர்வோவைக் காட்டச் சொன்னேன். அதிலிருந்து ஐந்து கம்பி வருகிறது. எந்த ரிசீவரிலும் செருகக்கூடிய பொதுவான சர்வோ என்றால் மூன்று கம்பிதான் இருக்கும், இது இந்த வகை வண்டிக்கே உரியது. அது ஒரு குறைதான், மறைப்பதற்கில்லை. ஆனால் தனியாகக் கழற்றலாம், தனியாக வாங்கலாம். என்னை வாங்க வைத்தது வேறொன்று. இந்த ஏ959-உம் ஏ949, ஏ969, ஏ979-உம் மேல்கூடு வேறு வேறாக இருந்தாலும் அடியில் ஒரே குடும்பம், பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஒரு வண்டி உடைந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துப் போடலாம். விற்கிற பையனின் பிஸ்கட் டப்பா நிறைய அவற்றின் சக்கரம் தாங்கும் கைகளும் பல்சக்கரங்களும் கிடந்தன. நம் ஊரில் மலிவு என்றால் இதுதான் மலிவு. 48,000-க்கு வாங்கியதற்கு ஒரு பல்கூடத் தனியாகக் கிடைக்காது.

சிரியத்தில் அறுவடை முடிந்த வயலில் இறக்கினோம். அங்கே மட்டும் ஏமாற்றம். நெல்தாள் கட்டைகள் விரல் உயரத்துக்கு நிற்கின்றன, இந்தச் சின்னச் சக்கரத்துக்கு அது காடு. வயிறு தட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. தாள் நிறைந்த வயல்தான் களம் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு, முடிந்தால் பத்தில் ஒரு பங்கு வண்டி வாங்குங்கள். ஆனால் வரப்பின் மேலும் கோயிலுக்குப் போகும் செம்மண் பாதையிலும் அது ஓடிய ஓட்டம் இருக்கிறதே, மாலை வெயிலில் பின்னால் புழுதி வால் மாதிரி எழும்ப, தெருப் பிள்ளைகள் தமிழிலும் பர்மியத்திலும் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓட, சைக்காக்காரர் (சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்) தன் வண்டியை ஓரம் கட்டி நின்று பார்த்தார். முந்தின வண்டி தோண்டிக்கொண்டு நின்ற அதே மேட்டில் இது தடுமாறாமல் ஏறியது. பையன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் லொங்கி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், புழுதி என்று அண்ணி நினைத்திருப்பார்.

பேட்டரி விஷயத்தை விட்டுவிட முடியாது. முதல் வண்டியில் வந்தது 4.8 வோல்ட் நிக்கல் காட்மியம், 700 மில்லி ஆம்பியர் மணி. சுவரில் செருகும் சார்ஜர் 250 மில்லி ஆம்பியர்தான் தரும். கணக்குப் போட்டால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், நிறைந்ததும் தானாக நிற்கவும் நிற்காது, நாம் நேரம் பார்த்துப் பிடுங்க வேண்டும். லித்தியம் அப்படி இல்லை. செல்லுக்கு 4.2 வோல்ட் வந்தால் நிறைந்தது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் பேட்டரி செத்தது. வண்டி சோர்ந்து போவது தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று அண்ணன் மகனிடம் மூன்று தடவை சொன்னேன். சார்ஜ் போடுவது ஓட்டுத் தட்டின் மேல், பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும். உப்பிப்போன பேட்டரியைத் தொடவே கூடாது.

அன்று ராத்திரி பாதி சார்ஜில் கரண்டு போயிற்று. பெர்த்தில் பதினான்கு வருடத்தில் எனக்கு மெழுகுவத்தி தேவைப்பட்ட நாட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். எரிச்சல்தான். ஆனால் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம், அண்ணன் கதை சொன்னார், அண்ணி லபே கலந்து கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தெரு முழுக்கப் பிள்ளைகள் "மீ லா பீ!" (கரண்டு வந்தாச்சு) என்று கத்தினார்கள், நாம் கத்திய அதே குரலில். பையன் எழுந்து சார்ஜரிடம் ஓடினான்.

முதல் வண்டியை பாய் வைத்துக்கொண்டார். மோட்டாரும் திருகுகளும் எதற்காவது ஆகும் என்று 5,000 சாட் கொடுத்தார், வேண்டாம் என்றாலும் விடவில்லை. நான் பெர்த் திரும்பினேன். அதன் பிறகு வைபரில் அண்ணன் மகன் அனுப்பிய பட்டியல் இது: முன் கை இரண்டு, சர்வோ ஒன்று, பேட்டரி ஒன்று. அந்தப் பிப்ரவரி கடைசியில் நண்பர் ஒருவர் ரங்கூன் போவதாக இருந்தார். பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனைகளில் டேப் சுற்றித் தருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.