ராபன் தீவா, நிறவெறி அருங்காட்சியகமா?

தென்னாப்பிரிக்காவில் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எதைப் பார்ப்பது?

செலவு: தீவுக்குப் படகும் சேர்வதால் கூடுதல், அருங்காட்சியகம் மலிவு.

அலைச்சல்: காற்று பலமானால் கேப்டவுனிலிருந்து தீவுக்குப் போகும் படகு ரத்தாகும், அருங்காட்சியகம் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் அந்தக் கவலை இல்லை.

தீவில்: மண்டேலா 18 ஆண்டுகள் அடைபட்ட சிறை. 1960களின் உணவுப் பட்டியலைப் பாருங்கள். இந்தியக் கைதிக்கு ரொட்டி உண்டு, கறுப்பினக் கைதிக்குக் கிடையாது. ஒரே சிறைக்குள்ளும் தோலின் நிறம் பார்த்துச் சோறு! மனம் கொதிக்கிறது.

அருங்காட்சியகத்தில்: டிக்கெட்டே உங்களை 'வெள்ளையர்', 'வெள்ளையர் அல்லாதவர்' எனப் பிரித்து வெவ்வேறு வாசலுக்கு அனுப்பும்.

போராளிகளின் வாழ்வை உணரத் தீவு. நிறவெறியின் வேரை அறிய அருங்காட்சியகம். என் தேர்வு இரண்டாவது. போகுமுன் கறுப்பினத்தவரின் நில உரிமையை ஒடுக்கிய 1913 சட்டத்தைப் படித்துவிடுங்கள்: 2017 அரசுத் தணிக்கையிலும் தனிநபர் விவசாய நிலத்தில் 72% வெள்ளையரிடமே இருந்தது.