வாகைகுளத்தில் ஏறினால் சென்னை எவ்வளவு நேரம்?

பெயர் தூத்துக்குடி விமான நிலையம், இருப்பது வாகைகுளத்தில். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து சுமார் 30 கி.மீ. விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 530 கி.மீ.; ஜங்ஷனிலிருந்து ரயிலில் எழும்பூர் வரை 652. டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் என்று பார்த்ததும் பலர் மயங்கிவிடுகிறார்கள். கணக்கை வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏடிஆர் என்கிற சின்ன புரொப்பல்லர் விமானம் மணிக்கு 500 கி.மீ. போகும். அப்படியானால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் போய்விடலாமே என்று தோன்றும். டிக்கெட் நேரம், விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து சென்னையில் வந்து நிற்கும் வரைக்கும் உள்ளது. மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. சென்னையில் தரையிறங்க வரிசை என்றால் வானத்திலேயே சுற்ற வேண்டியதுதான்.

ஜங்ஷனிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். வல்லநாடு ஆற்றுப்பாலம் பழுதாகி ஒருபக்கமாக வண்டி விடுவது பலமுறை நடந்திருக்கிறது, அதற்கென்று கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் என்றால் எண்ட் டு எண்ட் வண்டியில் ஏறிவிடாதீர்கள், வாகைகுளத்தில் நிற்காது. கவுன்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். சென்னையில் பெட்டி வர இருபது நிமிடம், மெட்ரோவில் எழும்பூர் முக்கால் மணி, ஆலந்தூரில் மாற வேண்டும். ஆக மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். வந்தே பாரத் 2023 செப்டம்பரில் தொடங்கியபோது வைத்த நேரம் 7 மணி 50 நிமிடம். மிச்சம் மூன்று மணிக்கும் குறைவு. தாம்பரத்தில் இறங்குகிறவருக்கு அதுவும் சுருங்கும்.

2025 ஜூலையில் திறந்த புது முனையம் விசாலம். ஓடுபாதையும் 1,350 மீட்டரிலிருந்து 3,115 ஆகிவிட்டது, பெரிய விமானமே இறங்கலாம். ஏடிஆர் என்று டிக்கெட்டில் இருந்தால் பின்வரிசை கேளுங்கள். கதவு வாலருகே, முதலில் இறங்கலாம். புரொப்பல்லர் இரைச்சலும் அங்கே குறைவு. இறக்கை தலைக்கு மேல் இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் கீழே பார்க்கலாம். மேல் தட்டு மட்டும் சின்னது, பெரிய டிராலி நுழையாது.

அல்வாவை செக்-இன் பெட்டியில் போடுங்கள், நெய் மிதக்கிற பொட்டலத்தைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் தடுக்க வாய்ப்பு உண்டு. கொப்பரைத் தேங்காய் செக்-இன்னில் கூடாது, எண்ணெய்ச்சத்தால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். மக்ரூன் கைப்பையிலேயே போகலாம், எடை கிடையாது; பெட்டிக்குள் போட்டால் சென்னையில் தூளாகத்தான் கிடைக்கும்.

காலையில் போய் வேலையை முடித்து அன்றைக்கே திரும்ப வேண்டிய பாளையங்கோட்டைக்காரருக்கு இந்த விமானம் சரியான சேவை. குடும்பத்தோடு நாலு பெட்டி என்றால் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸே போதும்.