சிறைச்சாலை மனநலச் சேவை: சிறையின் பொறுப்பா, வைத்தியசாலையின் பொறுப்பா?

மட்டக்களப்புச் சிறைச்சாலையில் இருப்பவர்களுக்கான மனநலச் சேவை பற்றிய திட்டமிடலில் பங்குகொண்டபோது இரண்டு வழிகள் எங்கள் முன் இருந்தன. சிறையின் மருந்தறையே அனைத்தையும் பொறுப்பேற்பது ஒன்று. போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவு கிழமைதோறும் உள்ளே வந்து கிளினிக் நடத்தி, பதிவுகளையும் மேற்பார்வையையும் தன்னிடமே வைத்திருப்பது மற்றையது. நான் இரண்டாவதையே ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன்.

முதல் வழியின் பலம் அண்மைதான். குடியை நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில் நடுக்கமும் பிதற்றலும் தொடங்கினால் உள்ளே இருக்கும் மருத்துவ ஊழியரே உடனே பார்க்கலாம். செலவும் குறைவு.

ஆனால் தீர்மானிக்கும் காரணி, வெளியேறும் நாள். விளக்கமறியலில் இருப்பவர் தவணைக்கு நீதிமன்றம் செல்கிறார். பிணை கிடைத்தால் அன்றே வீட்டுக்குப் போய்விடக்கூடும், அந்த நாள் எது என்று முன்கூட்டி எவருக்கும் தெரியாது. அவருடைய மருந்து விபரம் சிறையிலேயே தங்கிவிட்டால், வாகரையிலோ களுவாஞ்சிகுடியிலோ உள்ள குடும்பத்துக்கு எந்த மருந்து, என்ன அளவு, கடைசி ஊசி எப்போது என்பது தெரியாது. மனநோய் திரும்பாமல் தடுக்கச் சில கிழமைகளுக்கு ஒருமுறை போடும் ஃபுளுபெனசின் ஊசி தவறினாலும் நோய் உடனே திரும்புவதில்லை. நாட்கள் கடந்து அது திரும்பும்போது, தவறிய ஊசியை நினைத்துப் பார்ப்பவர் எவருமில்லை. வைத்தியசாலைக் கிளினிக்கில் பதிவானவருக்கோ உள்ளேயும் வெளியேயும் ஒரே கொப்பி, ஒரே இலக்கம். ஒவ்வொரு தவணை நாளிலும் அந்தக் கொப்பியும் இரண்டு கிழமை மருந்தும் மூடிய உறையில் அவருடன் செல்லவேண்டும் என்பதை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

2015 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற, கைதிகளை நடத்தும் முறைக்கான குறைந்தபட்ச நியமங்களான மண்டேலா விதிகளின் 24 ஆம் விதியும், சிறைச் சுகாதாரம் பொதுச் சுகாதார நிர்வாகத்தோடு நெருங்கி இயங்கி, சிகிச்சையின் தொடர்ச்சியை உறுதிசெய்யவேண்டும் என்கிறது. நோர்வே 1988 இலும் இங்கிலாந்து 2006 இலும் இப்பொறுப்பைச் சுகாதாரத் துறைக்கு மாற்றிவிட்டன. தண்டிக்கும் அதிகாரியின் கீழ் பணியாற்றாத மருத்துவரிடம் கைதி மனம் திறந்து பேசுவார் என்பதும் சிறிய விடயமல்ல.

க்ளோசாபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர்களுக்கு முதல் 18 கிழமைகளும் வாராந்த இரத்தப் பரிசோதனை தேவை. மாதிரியை உள்ளே எடுத்து அனுப்பலாம் என்றே எண்ணுகிறேன். பெண்கள் பகுதியைப் பொறுத்தவரை என் அனுபவம் குறைவு, அங்கு பெண் தாதியின் வருகை இன்றியமையாதது என்பதற்கு மேல் சொல்லமாட்டேன்.

மேற்பார்வைக் குழு, உள்ளே எத்தனை கிளினிக் நடந்தன என்பதைவிட, வெளியேறியவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் தம் ஊருக்கு அருகிலுள்ள கிளினிக்குக்கு வந்தார்கள் என்பதையே முதலில் கேட்கவேண்டும்.