300 எம்பிபிஎஸ் என்று ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருச்சியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான் வீட்டிலிருந்தே எட்டாவது முதல் பத்தாவது வரை பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். முழுக்க ஆன்லைன்தான், சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை. அந்த மூன்று மணி நேரம் நெட் ஒழுங்காக வந்தால் போதும், மற்ற நேரம் வராவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை. அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் 14,288 ரூபாய் கட்டினேன், அதுதான் கிடைக்கவில்லை. கம்பெனியோடு கணக்கு இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை.

மூன்று வருடமாக 50 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருந்தோம். மாதம் 399, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 471 ரூபாய். முதல் இரண்டு வருடம் குறை சொல்ல முடியாது. போன வருடக் கடைசியில் தெருவில் நிறைய வீடுகளுக்கு அதே லைன் போட்டார்கள், அதிலிருந்து பிரச்சினை ஆரம்பித்தது. ஏழு மணி ஆனால் "மிஸ், நீங்க ஃப்ரீஸ் ஆகிட்டீங்க" என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஒரு நாள் காரணிப்படுத்துதல் நடத்திக்கொண்டிருந்தேன். பேனாவால் திரையில் எழுதினால் நான் போட்ட கழித்தல் கோடு அந்தப் பக்கம் போய்ச் சேரவே இல்லை. ஆறு பிள்ளைகளில் நான்கு பேர் கூட்டல் என்று நினைத்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள், பாவம், அவர்கள் மேல் என்ன தப்பு. அதற்குள் ஒரு அம்மா போன் செய்து, அடுத்த மாதத்திலிருந்து பையன் வரமாட்டான் என்றார்.

ஆபீஸுக்குப் போய்ச் சொன்னேன். அங்கே இருந்தவர் முழுசாகக் கூடக் கேட்கவில்லை. "50 வச்சுக்கிட்டு கிளாஸ் எடுத்தா இப்படித்தான் மேடம் வரும், 300-க்கு மாறிடுங்க, பிரச்சினையே இருக்காது" என்றார். மாதம் 999, ஜிஎஸ்டியோடு 1,179. ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பத்து மாதக் காசுதான், அதாவது 11,788. புது ரவுட்டருக்கு டெபாசிட் 1,500, இன்ஸ்டலேஷன் 1,000. சம்பாதிப்பதே அந்த லைனை வைத்துத்தான், கூடக் கொடுத்தாவது நல்ல லைன் வாங்கிவிடலாம் என்று என் கணவரும் நானும் பேசி, ஜனவரியில் ஜிபேயில் அனுப்பினோம். இன்ஸ்டலேஷன் காசுக்கு மட்டும் பில் தரவில்லை, கேட்காமல் விட்டது என் தப்பு.

வந்த தம்பி ஃபைபரை மாற்றவே இல்லை. கம்பத்திலிருந்து வந்த அதே பழைய கறுப்பு வயர், அதே துளை வழியாக. பழைய ரவுட்டர் பெட்டியைக் கழற்றி வேறொரு பெட்டியை மாட்டினார், அவ்வளவுதான். ஆபீஸில் கம்ப்யூட்டரில் என் கணக்குக்கு நேராக இருந்த 50 என்பதை 300 என்று மாற்றியிருப்பார்கள். அந்தப் பெட்டியும் புதிது இல்லை, அடியில் யாருடைய வீட்டு எண்ணையோ மார்க்கரில் எழுதி அழித்திருந்தது. நான் அதைக் கேட்டதற்கு, பெட்டியின் மேல் அச்சடித்திருந்த '300' என்ற எண்ணைக் காட்டி, "300 பிளானுக்கு உள்ள பெட்டிதான்க்கா இது" என்றார். நானும் நம்பினேன்.

அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு அவர் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 60 சொச்சம் காட்டியது. வைஃபையில் அப்படித்தான் வரும், கேபிள் போட்டால் வரும் என்றார். கேபிள் போட்டோம், 94. லேப்டாப் பழசு என்றார். ராத்திரி எட்டு மணிக்கு வகுப்பு எப்போதும் போல உறைந்து நின்றது.

இப்படி இரண்டு மாதம் போனது. ஓசூரில் நெட்வொர்க் வேலையில் இருக்கும் என் சித்தி மகனிடம் புலம்பியபோது அவன் வீடியோ காலில் வந்து, "பெட்டியைத் திருப்புக்கா, கேபிள் போடுற லான் ஓட்டைக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு பாரு" என்றான். 'எஃப்இ' என்று இருந்தது. ஃபாஸ்ட் ஈதர்நெட், அதாவது அந்த ஓட்டை வழியாக அதிகபட்சம் 100-தான் போகும். 300 வேண்டுமென்றால் 'ஜிஇ', அதாவது கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) போகும் ஓட்டை இருக்க வேண்டும். அடுத்து கேபிளின் நுனியைக் காட்டச் சொன்னான். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே எட்டு நிறக் கம்பிகள் வரிசையாக இருக்க வேண்டும், என் கேபிளில் நான்குதான் இருந்தன. நான்கு கம்பியில் கிகாபிட் போகாது. வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. பெட்டியில் அச்சடித்திருந்த அந்த 300 வைஃபையின் ஏட்டுக் கணக்கு. வீட்டுக்குள் பக்கத்து வீட்டு வைஃபைகளோடு மோதிக்கொண்டு அதில் கால்வாசி வந்தாலே பெரிது. நான் வாங்கிய பிளானுக்கும் அந்த எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆக, நான் 300-க்குக் கட்டிய நாளிலிருந்து எனக்கு 100-ஐத் தாண்டி வருவதற்கு வழியே வைக்கவில்லை. தெரியாமல் செய்திருப்பார்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. நாள் முழுக்க இதே பெட்டிகளை மாட்டுகிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது.

ஆனால் இதைவிட முக்கியமான விஷயம் அவன் அப்புறம் சொன்னது. "உனக்கு 300 எதுக்குக்கா?" என்று கேட்டான். ஒரு வீடியோ வகுப்புக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் போதும். நெட்ஃபிளிக்ஸே 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. என் 50 எனக்கு ஏற்கெனவே தாராளம். பிரச்சினை வேகத்தில் இல்லை, ராத்திரி எட்டு மணிக்கு அந்த லைன் நிலையாக நிற்கிறதா என்பதில்தான்.

அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தான், நீங்களும் செய்து பாருங்கள், பத்து நிமிஷ வேலை. பிங் என்றால் ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. லேப்டாப்பில் முதலில் வீட்டுப் பெட்டிக்கே பிங் ஓட விட வேண்டும். அது ஒன்று இரண்டு மில்லி செகண்டில் ஒழுங்காகத் திரும்பி வந்தால் வீட்டுக்குள் கோளாறு இல்லை. அப்புறம் வெளியே, கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு நூறு முறை. என் லைனில் காலையில் 10, 12 மில்லி செகண்ட், ஒன்று கூடத் தவறவில்லை. ராத்திரி எட்டேகாலுக்கு 180, 240 என்று ஏறி ஏறி, நடு நடுவே 'டைம்டு அவுட்'. நூற்றுக்கு ஒன்பது திரும்பி வரவே இல்லை. அந்த ஒன்பதில்தான் என் கழித்தல் கோடுகள் போய்விட்டன. அதே நிமிஷம் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94 காட்டுகிறது! டெஸ்டுக்கான சர்வர் அந்தக் கம்பெனியின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருந்தால் அப்படித்தான் காட்டும், அவர்கள் வாசலைத் தாண்டி வெளியே போகும் வழியில் இருக்கும் நெரிசல் அதில் தெரியாது. டெஸ்ட் போடும்போது சர்வரை மாற்றி, வேறு கம்பெனியுடையதாக, வேறு ஊரில் உள்ளதாகப் பாருங்கள். நான் மும்பை சர்வரை வைத்துப் போட்டபோது 11 வந்தது.

ஏன் இப்படி என்றால், தெருக் கம்பத்தில் தொங்கும் சின்னப் பெட்டிக்குள் ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. ஒரு ஃபைபர் உள்ளே போய் பல வீடுகளுக்குப் பிரிகிறது. இப்படிப் பிரிக்கும் முறைக்கு ஜிபான் என்று பெயர். வழக்கமான ஜிபான் லைனில் அந்த ஒரு ஃபைபரில் வீடுகளுக்கு வருவது (டவுன்லோடு) சுமார் 2.5 கிகாபிட், வீடுகளிலிருந்து போவது (அப்லோடு) 1.25 கிகாபிட், அதை 32 வீடோ 64 வீடோ பகிர்ந்துகொள்கின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுக்கமாட்டார்கள் என்பதால் அது பெரிய குற்றம் இல்லை. நெருக்கடி அதற்கு மேலே, லோக்கல் ஆபரேட்டர் வெளியிலிருந்து மொத்தமாக வாங்கும் பேண்ட்விட்த்தில், அதாவது இணையக் கொள்ளளவில். சந்தா சேர்த்துக்கொண்டே போகிறார்கள், பேண்ட்விட்த்தைக் கூட்டுவதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-லேயே, ஒரு பங்கு பேண்ட்விட்த்தை வீட்டு இணைப்புகளில் ஐம்பது பேருக்கு மேல் பகிரக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது. நடப்பில் எத்தனை பேர் என்று வாடிக்கையாளருக்கு யார் சொல்கிறார்கள்?

கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அக்காவும் இதே லைன்தான், 471 ரூபாய் பிளான். ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு அவர் வீட்டில் உட்கார்ந்து அதே பிங், அதே மும்பை டெஸ்ட். எனக்கு வந்ததேதான் அவருக்கும் வந்தது. நான் மாதம் 708 ரூபாய் கூடக் கொடுக்கிற ரேட்டில் இருக்கிறேன், எனக்கு வேண்டிய நேரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே லைன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, காசு போனதைவிட ஏமாந்தது வலித்தது.

நல்ல லைனுக்கு நான் 1,179 இல்லை, 1,500 கூடக் கொடுப்பேன். சாயங்காலம் அறுந்துபோகாது, அப்லோடும் டவுன்லோடு அளவுக்கு வரும், பழுதானால் மறுநாள் ஆள் வரும் என்று எழுதிக் கொடுத்தால் கொடுப்பேன். என்னைப் போலத் தையல் டிசைன் அனுப்புகிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், வெளிநாட்டு வேலையை வீட்டிலிருந்து செய்கிறவர்கள் நிறையப் பேர் கொடுப்பார்கள். ஆனால் வீட்டு பிளான் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. 50, 100, 200, 300 என்று எண்ணைத்தான் விற்கிறார்கள், அதோடும் 'வரை' என்று ஒரு வார்த்தை ஒட்டியிருக்கிறது. 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்-லிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. '300 வரை' என்று விற்கிறார்கள், சட்டத்தில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 2 இருந்தால் போதும்.

இனி ஓடிபி விஷயம், இதைத் தயவுசெய்து கவனியுங்கள். புகார் கொடுத்தால் ஒரு தம்பி வருவார், காலை நேரத்தில். ரெட் லைட் எரியவில்லை, பவர் லெவல் மைனஸ் 21, லைன் நல்லா இருக்குக்கா என்பார். போகும்போது, "நான் வந்ததுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கக்கா" என்பார். அது வந்ததற்கான ஓடிபி இல்லை, புகார் தீர்ந்துவிட்டது என்று நாம் ஒப்புக்கொள்ளும் ஓடிபி. நான் மூன்று முறை கொடுத்திருக்கிறேன். பின்னால் ஆபீஸில் சண்டை போட்டபோது, "உங்க மூணு கம்ப்ளெயின்ட்டும் நீங்களே க்ளோஸ் பண்ணியிருக்கீங்க மேடம்" என்று திரையைத் திருப்பிக் காட்டினார்கள். அந்தத் தம்பியைத் திட்ட மனம் வரவில்லை, ஒரு நாளைக்கு இத்தனை புகார் முடிக்க வேண்டும் என்று அவருக்கு மேலே இருப்பவர்கள் நெருக்குகிறார்கள். ஆனாலும் எஸ்எம்எஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஆஃபர் பிளானில் ரிஃபண்ட் கிடையாது என்றார்கள். செல்போன் மாதிரி எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாறும் வசதி பிராட்பேண்டில் இல்லை, முன்பணம் கட்டிவிட்டால் மாட்டிக்கொண்டதுதான். நான் நான்காவது புகாரை ஓடிபி கொடுக்காமல் வைத்தேன். டாக்கெட் எண் (புகார் எண்), பிங் படங்கள், பெட்டியின் 'எஃப்இ' எழுத்து, நான்கு கம்பி கேபிள், எல்லாவற்றையும் படம் எடுத்து மெயிலில் அனுப்பினேன். பதில் இல்லாததால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். 2012 விதிப்படி கம்பெனிகள் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும், டிராய் தனிநபர் புகாரை நேரடியாகத் தீர்த்துவைக்காது. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தேன். 1915 தீர்ப்பு சொல்லும் இடம் இல்லை, சமரசம்தான் செய்வார்கள், ஆனால் அதற்கு அப்புறம்தான் கம்பெனியிலிருந்து ஒரு மேனேஜர் என்னிடம் மரியாதையாகப் பேசினார். "கன்ஸ்யூமர் கோர்ட் எங்களுக்கு வராது மேடம்" என்று ஆபீஸில் முன்பு சொல்லியிருந்தார்கள், அது பொய். தொலைத்தொடர்பு சேவைக்கும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

கடைசியில் நான்கு மாதத்துக்கு 1,179 வீதம் 4,716 கழித்துக்கொண்டு 7,072 ரூபாய் அனுப்பினார்கள். கிடைக்காத 300-க்கு முழுக் காசு பிடித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

புது லைன் எடுக்கும் முன், மூன்று வீடு தள்ளி வேறு கம்பெனி வைத்திருக்கும் ஒரு டீச்சர் வீட்டுக்கு ராத்திரி எட்டு மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு நாள். நூறு பிங்கில் ஒன்றும் தவறவில்லை, அதன் பிறகுதான் பேசினேன். 100 எம்பிபிஎஸ், 699, ஜிஎஸ்டியோடு 825, மாதாமாதம் மட்டும். அப்லோடு எவ்வளவு, எத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும், குறைந்தால் எவ்வளவு, பெட்டி கிகாபிட்டா என்பதை வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டேன். வாயால் சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள், வாட்ஸ்அப்பில் "ஓகே மேடம்" என்று வந்தாலும் அது ஆதாரம்.

டெபாசிட் 1,500 மட்டும் இன்னும் வரவில்லை. பெட்டியை எடுக்க வந்தவர் ரசீது தரவில்லை. நல்லவேளை, கொடுக்கும் முன் சீரியல் எண்ணையும் அவர் கையில் பெட்டி இருப்பதையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ரசீது இல்லாமல் டெபாசிட்டைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள், அடுத்த வாரம் அதற்காகத் திரும்பவும் அந்த ஆபீஸுக்குப் போகிறேன்.