சணல் சாக்கு, பை, கயிறு: பத்து வருடத்துக்கு மேல் புழங்கியதில் தெரிந்தது

எங்கள் வீட்டில் நெல், உளுந்து, கடலை எல்லாம் சணல் சாக்கில்தான் கிடக்கும். கடைக்குச் சணல் பை, கொடிக்குச் சணல் கயிறு. பத்து வருடத்துக்கு மேலாக இதே புழக்கம். வாங்க யோசிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நெல்லுக்குச் சணல் சாக்கை மிஞ்ச ஒன்றும் இல்லை. களத்தில் எவ்வளவு காயவைத்தாலும் நெல்லுக்குள் கொஞ்சம் ஈரம் நிற்கும். பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் அது சரியாக வெளியேறாமல் புழுங்கி, மூட்டையை அவிழ்க்கும்போதே பூஞ்சை வாடை அடிக்கும். சணல் அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு மெல்ல வெளியே விட்டுவிடும். அடுக்கினால் வழுக்காது. கொக்கி போட்டுத் தூக்கினாலும் துளை கிழிந்து பெரிதாகாமல் இழைகள் திரும்பச் சேர்ந்துகொள்ளும். ஓரம் பிரிந்தால் கோணி ஊசியும் கொஞ்சம் சணலும் போதும், தைத்து மறுபடி புழங்கலாம். உணவு தானியத்தைச் சணல் சாக்கில் கட்ட வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு உத்தரவு போடுவதில் எனக்கு முழு உடன்பாடு.

ஈரத்தை இழுக்கும் அதே குணம்தான் இதன் பலவீனமும். ஐப்பசி, கார்த்திகையில் சிமெண்டுத் தரையில் நேராக வைத்த மூட்டையின் அடி கறுத்து இற்றுப்போகும். கீழே பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். வெறும் சாக்கை நாள்கணக்கில் வெயிலில் போட்டு வைக்கவும் கூடாது. சணலில் லிக்னின் என்ற, மரத்தில் இருக்கும் கெட்டிப் பொருள் அதிகம். வெயில் பட்டால் பழுப்பேறி, நார் மொடமொடத்து உதிர ஆரம்பிக்கும்.

நார் ஏன் ஒரு சாக்கில் பளபளப்பாகவும் இன்னொன்றில் கறுத்தும் இருக்கிறது என்பது மேற்கு வங்கத்தில், நதியா மாவட்டத்துப் பக்கம் போயிருந்தபோதுதான் புரிந்தது. அங்கே சித்திரையை ஒட்டி விதைத்து, ஏறக்குறைய நான்கு மாதத்தில், ஆளை விட இரண்டு மடங்கு உயர்ந்த செடியை ஆடி, ஆவணியில் அறுக்கிறார்கள். கட்டுக் கட்டாகக் கட்டி, இலை உதிர்ந்ததும் குளத்தில் அமுக்கி, மேலே ஆகாயத்தாமரையைப் போட்டு மூடுகிறார்கள். இரண்டு, மூன்று வாரத்தில் தண்டைச் சுற்றியுள்ள பட்டை அழுகி நார் இளகுகிறது. பாரத்துக்கு வாழைத்தண்டையோ சேற்று மண்ணையோ போட்டால் நார் கறுத்துவிடும். ஒரு நாள் முந்தி எடுத்தால் பட்டை ஒட்டிக்கொண்டே வரும், பிந்தினால் நாரில் வலு இருக்காது.

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவர் நார் உரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பிடித் தண்டின் அடியை மரக்கட்டையால் தட்டினார், நடுவில் ஒடித்தார், நாரைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் முன்னும் பின்னும் உதறினார். வெள்ளைக் குச்சி வழுக்கிக்கொண்டு வெளியே வர, கையில் ஈர நார் மட்டும் நின்றது. அந்தக் குச்சியையும் அவர்கள் வீணாக்குவதில்லை. பாட்காட்டி என்று சொல்லி அடுப்புக்கும் வேலிக்கும் வைத்துக்கொள்கிறார்கள். நாள் முழுக்க அழுகல் தண்ணீரில் நிற்கிற வேலை. அதனால்தான் அழுகும் நாளைக் குறைக்க பராக்பூரில் உள்ள மத்திய சணல் ஆராய்ச்சி நிலையம் 'கிரிஜாஃப் சோனா' என்ற நுண்ணுயிர்க் கலவையைக் கொண்டுவந்ததைப் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

அதிலிருந்து கடையில் சாக்கை விரித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கெட்டியான பட்டைத் துண்டுகள் நெசவில் தெரிந்தால் வேண்டாம். மண்ணெண்ணெய் போன்ற வாடை வந்தால் நாரை இளக்கக் கனிம எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அரிசி, பருப்புக்குத் தாவர எண்ணெய் விட்ட சாக்கைக் கேளுங்கள், கிடைக்கிறது.

கடைக்கு எடுத்துப்போகும் பைகளில்தான் எனக்கு வருத்தம். முழுக்கச் சணல் என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த பையின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. நாளடைவில் அது செதில் செதிலாக உரிந்து கீரையிலும் கொத்தமல்லியிலும் ஒட்டியது. மக்கவும் மக்காது, காற்றும் புகாது. சணலை நம்பி வாங்குகிறவர்களுக்கு இது துரோகம். வாங்கும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஒட்டாத பையைத் துவைக்க நேர்ந்தால் ஊறப்போடாமல் அலசி நிழலில் உலர்த்தவும், பக்கத்தில் வெள்ளைத் துணி வேண்டாம்.

கயிறு விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி. பாகல், அவரை, புடலைக் கொடி ஏற இதைத்தான் கட்டுகிறேன். சொரசொரப்பாக இருப்பதால் கொடி சீக்கிரம் பற்றிக்கொள்ளும். காய்ப்பு முடிந்ததும் கொடியோடு அறுத்துக் குப்பைக் குழியில் போட்டால் சேர்ந்தே மக்கிவிடும், நைலான் மாதிரி பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு பட்டத்துக்கு மேல் மட்டும் நம்பாதீர்கள். சுரைக்காய் மாதிரி பாரமான காய்க்குப் பந்தலின் மேல்பக்கம் கம்பியாக இருக்கட்டும்.