லண்டனில் பழைய பொடி டப்பா வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

லண்டன் பழம்பொருள் கடைகளில் 18ஆம் நூற்றாண்டு மூக்குப்பொடி டப்பா தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 480 பவுண்டுக்கு என் தலையில் ஒருவர் கட்டியது, அச்சுப் படம் ஒட்டிய புதுச் சரக்கு.

மூடியில் இருப்பது ரோமானியப் புராணத்து ஜூபிடர், கலிஸ்டோ காட்சி. ஜூபிடர் தேவர்களின் அரசன், கலிஸ்டோ வேட்டைத் தேவதை டயானாவின் தோழி. கலிஸ்டோவை மயக்க ஜூபிடர் டயானாவாக வேஷம் கட்டி வருவான். பார்த்தால் இரண்டு பெண்கள் கொஞ்சிக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும். பின்னால் நிற்கும் கழுகுதான் குட்டை உடைக்கும், அது ஜூபிடரின் பறவை. பிரெஞ்சு ஓவியர் பூஷே 1759இல் வரைந்த படத்திலும் அந்தக் கழுகு உண்டு. பொடி எடுக்கும் சாக்கில் நண்பர்களுக்குக் காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்!

"1760 வாக்கில் செய்தது, செம்பின் மேல் எனாமல், முழுக்கக் கைவேலை" என்றார் கடைக்காரர். வீட்டில் 10 மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தால், கழுகின் இறகில் தூரிகைக் கோடே இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று புள்ளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அச்சு என்பதே குற்றமில்லை. லண்டன் பேட்டர்சீயில் 1750களிலேயே எனாமலில் படம் பதித்தார்கள். ஆனால் அது செப்புத் தகட்டில் செதுக்கிய கோடு. இந்த நிறப்புள்ளி அச்செல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது.

அப்புறம் கீறல்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. நிஜமாகப் புழங்கிய டப்பாவில் கட்டைவிரல் படும் விளிம்பும் கீலும்தான் அதிகம் தேயும். இதில் கீல் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. உள்ளே பழுப்பாகக் கொஞ்சம் தூள் வேறு தடவியிருந்தார்கள், அந்த அக்கறைக்கு ஒரு கும்பிடு.

தங்க டப்பா பார்ப்பவர்கள் பாரிஸ் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். ஜெர்மனியின் ஹானாவ் நகரத்துப் பொற்கொல்லர்களும் அதே சாயலில் முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

என் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் ரசீதைக் காட்டினார். அதில் "18ஆம் நூற்றாண்டுப் பாணி" என்று இருக்கிறது! விலைச்சீட்டில் "பாணி" கிடையாது. அதைக் கடையிலேயே படம் எடுத்து வைத்திருந்தேன்.

பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருளை 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணத்தையும் கேட்கலாம். 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. நான் அங்கேதான் மனு போட்டிருக்கிறேன். கார்டு வேண்டாம், ரொக்கமாகக் கொடுத்தால் விலையைக் குறைக்கிறேன் என்று அவர் அன்று விடாமல் கேட்டார். அப்படிக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.